சிறு பதிப்பகம் தொடங்குவது எப்படி? கைப்பிரதி முதல் கணக்கு நோட்டு வரை

தமிழில் பதிப்பகம் தொடங்க யாரிடமும் லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை. ஒரு பெயரும் ஒரு கைப்பிரதியும் அச்சகத்துக்குக் கொடுக்க முன்பணமும் இருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் புத்தகம் கைக்கு வந்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு தை மாதமும் சென்னைப் புத்தகக் காட்சியில் இத்தனை புதிய பெயர்களைப் பார்க்கிறோம். அவற்றில் பல, மூன்றாவது புத்தகத்தோடு காணாமல் போவதற்கும் அதுவேதான் காரணம். முந்நூறு பேரைக் காசு கொடுத்து வாங்க வைத்து, அந்தக் காசைக் கடைகளிடமிருந்து வசூலித்து, அதில் அடுத்த புத்தகத்தைப் போடும் சுற்று நிற்காமல் ஓட வேண்டும். ஓடினால்தான் அது பதிப்பகம்.

ஆர்வத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. தமிழில் பேர் சொல்லும் பதிப்பகங்கள் பலவும் அப்படிப் பிறந்தவைதான். சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார், பிறகு எழுத்து பிரசுரம் என்று புத்தகங்களும் போட்டார், அவற்றைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார். க்ரியா ராமகிருஷ்ணன் 1974இல் தொடங்கிய பதிப்பகம் கைப்பிரதியை வரிவரியாகச் செப்பனிடுவதற்கே பேர் போனது. கவிஞர் மீரா சிவகங்கையில் இருந்தபடியே 'அன்னம்' நடத்தினார். எதைப் போட வேண்டும், எதைப் போடக் கூடாது என்பதில் மூவருக்கும் ஒரு பிடிவாதம் இருந்தது. தொடங்க வேண்டிய இடமும் அதுதான்.

என்ன போடப் போகிறீர்கள்?

"நல்ல புத்தகம் எதுவாக இருந்தாலும் போடுவேன்" என்பவருக்கு வாசகர் சேர மாட்டார்கள். உங்கள் ஒரு புத்தகத்தை வாங்கியவர் அடுத்ததையும் வாங்க வேண்டுமானால் இரண்டுக்கும் ஒரு உறவு இருக்க வேண்டும். மலையாளத்திலிருந்தோ கன்னடத்திலிருந்தோ நேரடியாக மொழிபெயர்த்தவை மட்டும், உங்கள் வட்டாரத்தின் வரலாறும் வழக்காறும் மட்டும், பத்து வயதுக்குக் கீழான குழந்தைகளுக்கு மட்டும் என்று ஏதாவது ஒரு வேலி போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து வருஷம் கழித்து வேலியைத் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். முதல் ஆண்டுக்கு மூன்று தலைப்பு போதும். அந்த மூன்றையும் தொடங்கும்போதே முடிவு செய்துவிடுவது நல்லது. ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு கடைக்காரர் முன்னால் போய் நிற்பது கஷ்டம்.

புதியவர்கள் பலருக்கும் பழைய நூல்களை மறுபதிப்புச் செய்யும் ஆசை வரும். சட்டம் இதுதான்: 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் வாழ்நாளும், இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1இலிருந்து 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. ஆகவே 1965 முடியும் வரை காலமானவர்கள் தம் வாழ்நாளில் வெளியிட்ட எழுத்துகள் 2026 தொடக்கத்திலிருந்து பொதுவுடைமை. அதுபோக, தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களையும் யாரும் வெளியிடலாம். இதில் இரண்டு எச்சரிக்கை. மூலநூல் பொதுவானாலும், ஓர் ஆய்வாளர் எழுதிய முன்னுரையும் அடிக்குறிப்புகளும் அவருடையவை. அந்தப் பதிப்பை ஸ்கேன் செய்து போடுவது திருட்டு. அடுத்தது, புதுமைப்பித்தனைப் போன்றவர்களை ஏற்கெனவே பல பதிப்பகங்கள் போட்டுக்கொண்டிருக்கின்றன. முதல் வெளியீட்டோடு ஒப்பிட்டு மூல வாசகத்தைச் சரிபார்க்கும் உழைப்பு இல்லாமல் இன்னொன்றைச் சேர்ப்பதில் அர்த்தமில்லை.

எழுத்தாளரிடம் பணம் வாங்கலாமா?

வாங்காதீர்கள். பலர் வாங்குகிறார்கள், தெரியும். "ஐம்பது பிரதியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று நாசூக்காகவும் வாங்குகிறார்கள். எழுத்தாளர் பணம் கொடுத்த அந்தக் கணமே உங்கள் லாபம் அச்சிடுவதோடு முடிந்துவிடுகிறது. விற்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இருக்காது. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் போய்விடும். அச்சிட்டுத் தரும் சேவை கௌரவமான தொழில்தான். ஆனால் அதைச் செய்வதாக இருந்தால் வேறு பெயரில், வெளிப்படையாகச் செய்யுங்கள்.

உங்கள் கைக்காசு எவ்வளவு போனால் தாங்கும் என்பதை முதலிலேயே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள். அந்தத் தொகையை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பங்கு. முதல் புத்தகத்தில் மூன்று பங்கையும் கொட்டி, கெட்டி அட்டை போட்டு, பெரிய மண்டபத்தில் விழா நடத்தியவர்களுக்கு இரண்டாவது புத்தகத்துக்குக் கையில் எதுவும் இருப்பதில்லை.

ஒப்பந்தம்

நண்பருடைய கவிதைத் தொகுப்பாக இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். "நமக்குள்ள என்ன அக்ரிமென்ட்?" என்பதில் தொடங்கும் சண்டைகளுக்குத் தமிழ்ப் பதிப்புலகில் பஞ்சமே இல்லை. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்பு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் அதே பிரிவு எடுத்துக்கொள்ளும்.

இரண்டு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டியதில்லை. எத்தனை ஆண்டுக்கு உரிமை, அச்சு நூலுக்கு மட்டுமா மின்னூலுக்கும் ஒலிநூலுக்குமா, ராயல்டி எத்தனை சதவீதம், எப்போது கணக்குத் தருவீர்கள், ஆசிரியருக்கு எத்தனை இலவசப் பிரதி, புத்தகம் இருப்பில் இல்லாமல் போனால் எத்தனை மாதத்தில் உரிமை அவரிடம் திரும்பும். இவ்வளவுதான். விலையில் 10 சதவீதம் ராயல்டி என்பது பரவலான வழக்கம். திரைப்பட உரிமை, பிறமொழி உரிமையெல்லாம் எழுத்தாளரிடமே இருக்கட்டும். அவற்றை விற்றுத் தரும் தொடர்பு இல்லாமல் கையில் வைத்திருந்து உங்களுக்கு என்ன பயன்?

மொழிபெயர்ப்பாக இருந்தால் மூல ஆசிரியரிடமோ மூலப் பதிப்பகத்திடமோ எழுத்துபூர்வ அனுமதி வந்த பிறகுதான் மொழிபெயர்ப்பாளரை வேலை தொடங்கச் சொல்ல வேண்டும். முந்நூறு பக்கம் முடித்துவிட்டு அனுமதி கேட்கப் போய், உரிமை வேறொருவரிடம் இருப்பது தெரிய வந்தால் ஓராண்டு உழைப்பு வீண். மொழிபெயர்ப்பாளருக்கும் அவர் மொழிபெயர்ப்பின் மேல் தனி உரிமை உண்டு என்பதால் அவரோடும் தனி ஒப்பந்தம் வேண்டும். மேலட்டையில் அவர் பெயரைப் போடுங்கள்.

எடிட்டிங்: இங்கேதான் நீங்கள் பெரியவர்களை ஜெயிக்க முடியும்

ஆண்டுக்கு ஐம்பது அறுபது தலைப்பு போடும் பதிப்பகம் ஒரு கைப்பிரதிக்குக் கொடுக்க முடியாத நேரத்தை உங்களால் கொடுக்க முடியும். சிறு பதிப்பகத்துக்கு இருக்கும் ஒரே அனுகூலம் இது.

முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடாதீர்கள். எங்கே அலுத்தது, எங்கே குழப்பியது என்று பக்க எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதை வைத்து எழுத்தாளருடன் ஒரு நாள் உட்கார்ந்து பேசினால் மூன்றாவது அத்தியாயம் முதலுக்கு வர வேண்டும் என்பது போன்ற பெரிய மாற்றங்கள் அங்கேயே முடிவாகிவிடும். இரண்டாவது சுற்றில்தான் வாக்கியங்கள்.

மூன்றாவது, பலரும் செய்யாதது: நடைக்குறிப்பு. ஒரு நோட்டில் உங்கள் பதிப்பகம் எதை எப்படி எழுதும் என்று முடிவு செய்து எழுதி வையுங்கள். 'வந்துவிட்டான்' சேர்த்தா, 'வந்து விட்டான்' பிரித்தா? 'அதனால்தான்' ஒரே சொல்லா? ஆண்டுக்குப் பின்னால் 'இல்', 'ல்', '-ல்' இதில் எது? உரையாடலுக்கு ஒற்றை மேற்கோளா, இரட்டையா? 'ஜன்னல்' இருக்கலாமா, 'சன்னல்' என்று மாற்ற வேண்டுமா? எது சரி என்று வருஷக்கணக்கில் வாதாடலாம். வாசகரை உறுத்துவது ஒரே பக்கத்தில் இரண்டும் கிடப்பதுதான். ஆனால் கதாபாத்திரத்தின் பேச்சில் உங்கள் நோட்டைத் திணிக்காதீர்கள். கரிசல்காட்டுக் கிழவி ஒற்று மிகாமல்தான் பேசுவாள்.

மெய்ப்பு (ப்ரூஃப்) பார்க்க எழுத்தாளரை மட்டும் நம்பக் கூடாது. தான் எழுத நினைத்ததைத்தான் அவர் கண் படிக்கும். உங்கள் கண்ணும் பழகிப் போயிருக்கும். மூன்றாவது ஆள் ஒருவருக்குக் காசு கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழாசிரியராக இருந்தால் ஒற்றுப் பிழை, ண-ன, ர-ற மயக்கம் தப்பாது. ஆனால் எழுத்தாளரின் நடையைத் 'திருத்தி'விடும் ஆபத்தும் உண்டு என்பதால், பிழையைச் சுட்டினால் போதும், வாக்கியத்தை மாற்ற வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். கடைசி மெய்ப்பில் உள்ளே படிக்கவே வேண்டாம். அத்தியாயத் தலைப்புகள், பக்க எண்கள், பொருளடக்கம், முதுகில் இருக்கும் பெயர், பின்னட்டை வாசகம் இவற்றை மட்டும் பாருங்கள். உள்ளே எல்லாம் சுத்தமாக இருந்து முதுகில் எழுத்தாளர் பெயர் பிழையாக வந்த புத்தகங்கள் உண்டு.

பெயர், பதிவு, எண்

காகித வேலை அதிகமில்லை. தனியாள் நிறுவனமாகத் தொடங்கினால் உங்கள் பான் எண்ணே போதும். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் தளத்தில் இலவசமாகப் பதிந்து, அதைக் காட்டிப் பதிப்பகத்தின் பெயரில் நடப்புக் கணக்குத் திறந்துகொள்ளலாம். பெயரை முடிவு செய்யும் முன் அது ஏற்கெனவே யாருடைய பதிப்பகமாவது இருக்கிறதா என்று தேடுங்கள். வணிகச் சின்னப் பதிவேட்டில் 16ஆம் வகுப்பையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அச்சுப் பொருள்கள் அதில்தான் வரும்.

புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்ணை, அதாவது ஐ.எஸ்.பி.என்.ஐ, மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை தருகிறது. இணையத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் கிடையாது. காசு கேட்கும் இடைத்தரகர்களை அண்ட விடாதீர்கள். அச்சுக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறு எண், கெட்டி அட்டைக்கு இன்னொன்று என்பதால் தேவையானதைச் சேர்த்தே கேட்டு, முன்னதாகவே வாங்கி வையுங்கள்.

அச்சு நூல்களுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. காகிதத்துக்கும் அச்சுக் கூலிக்கும் நீங்கள் கட்டும் வரி மட்டும் அடக்கத்தில் ஏறும். எழுத்தாளருக்குத் தரும் ராயல்டிக்குப் பதிப்பாளரே வரி கட்ட வேண்டிய 'ரிவர்ஸ் சார்ஜ்' விதி ஒன்று உண்டு. இதை ஒரு ஆடிட்டரிடம் முதல் ஆண்டே பேசிவிடுங்கள்.

புத்தகம் வந்து 30 நாளுக்குள் 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி பொது நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். பலர் அனுப்புவதில்லை. நீங்கள் அனுப்புங்கள். நாற்பது வருஷம் கழித்து யாராவது தேடினால் உங்கள் புத்தகம் ஏதோ ஒரு நூலகத்தில் கிடைப்பதற்கு இதுதான் வழி.

பக்க வடிவமைப்பு

லே-அவுட் செய்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: யூனிகோடில் செய்வீர்களா, பழைய எழுத்துருவிலா? பல நிலையங்களில் இன்னமும் பழைய எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. உங்கள் யூனிகோடு கோப்பை அதற்கு மாற்றும்போது நடுவில் இருக்கும் ஆங்கிலச் சொற்கள் புரியாத தமிழ் எழுத்தாக மாறும், மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாகும், 'ஸ்ரீ', 'க்ஷ' காணாமல் போகும். மாற்றியதும் இவற்றைத் தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும். பெரிய தலைவலி பின்னால் வரும். மின்னூல் போட நினைக்கும்போது, திருத்தங்கள் எல்லாம் ஏறிய கடைசிக் கோப்பு பழைய எழுத்துருவில் மாட்டிக்கொண்டிருக்கும். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் யூனிகோடு தமிழ் ஒழுங்காக வர 'வேர்ல்ட்-ரெடி கம்போஸர்' என்ற அமைப்பைத் தேர்ந்திருக்க வேண்டும். இது தெரிந்த வடிவமைப்பாளர் கிடைத்தால் கூலி கொஞ்சம் கூடினாலும் அவரையே பிடியுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர் போன்றவை இலவசம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். இணையத்தில் எங்கோ கிடைத்த எழுத்துருவை உரிமம் பார்க்காமல் புத்தகத்தில் போடாதீர்கள்.

தமிழ்ச் சொற்கள் நீளம். டெம்மி எனும் வழக்கமான புத்தக அளவுப் பக்கத்தில் இருபுறமும் சமன் செய்தால் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக வெள்ளை விழும். அதைத் தவிர்க்கச் சொல்லை உடைக்க வேண்டும். உடைக்கும் இடம்தான் விஷயம். 'பதிப்பகத்திலிருந்து' என்பதை மென்பொருள் தன்போக்கில் 'பதிப்பகத்திலிரு' என்று நிறுத்தி, அடுத்த வரியை 'ந்து' என்று தொடங்கும். புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது. 'பதிப்பகத்தி' என்று நிறுத்தி 'லிருந்து' என்று தொடங்கினால் கண்ணுக்கு உறுத்தாது. பழைய எழுத்துருக்களில் இன்னும் மோசம்: கொம்பு மட்டும் வரிக் கடைசியில் நிற்க, அதற்குரிய எழுத்து அடுத்த வரியில் இருக்கும். கடைசி மெய்ப்பில் ஒவ்வொரு பக்கத்தின் வலது ஓரத்தையும் இடது ஓரத்தையும் மட்டும் மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்தால் இவை எல்லாம் அகப்பட்டுவிடும்.

அட்டையை எல்லாவற்றுக்கும் கடைசியில் செய்யுங்கள். பக்க எண்ணிக்கையும் காகிதமும் முடிவானால்தான் முதுகின் அகலம் தெரியும். வடிவமைத்த அட்டையைத் தபால் தலை அளவுக்குச் சுருக்கி உங்கள் போனில் பாருங்கள். நிறைய வாசகர்கள் அதை முதலில் வாட்ஸ்அப்பில் அந்த அளவில்தான் பார்ப்பார்கள். தலைப்பு தெரியவில்லையென்றால் திருப்பி அனுப்புங்கள்.

காகிதமும் அச்சும்

முன்பெல்லாம் தமிழில் ஒரு பதிப்பு என்றால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி. ஆஃப்செட்டில் பிளேட் போடும் செலவு முதலிலேயே விழுந்துவிடுவதால் அதற்குக் குறைவாக அடித்தால் கட்டாது. இப்போது பி.ஓ.டி. (பிரிண்ட் ஆன் டிமாண்ட், தேவைக்கேற்ற அச்சு) எனப்படும் டிஜிட்டல் அச்சில் ஐம்பது பிரதிகூட அடிக்கலாம். ஐந்நூறுக்குள் என்றால் டிஜிட்டலும், அதைத் தாண்டினால் ஆஃப்செட்டும் பொதுவாகக் கட்டுப்படியாகும். முதல் புத்தகத்துக்கு முந்நூறு போதும். தீர்ந்தால் இரண்டு வாரத்தில் மறுபடி அடித்துக்கொள்ளலாம். ஆயிரம் அடித்தால் ஒரு பிரதிக்கு இருபது ரூபாய் குறையும் என்று அச்சகத்தில் ஆசை காட்டுவார்கள். விற்காத எழுநூறு பிரதியில் அந்தச் சேமிப்பு எங்கே போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உள்ளே 70 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேப்லித்தோ, அல்லது கண்ணுக்கு இதமான மங்கல் நிற 'நேச்சுரல் ஷேட்' தாள். அதற்கும் மெல்லியதாகப் போனால் பின்பக்க எழுத்து தெரியும். மேலட்டைக்கு 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டு. மேட் லேமினேஷன் அழகுதான், ஆனால் கறுப்பு அட்டையில் ஒவ்வொரு நகக் கீறலும் தெரியும். கண்காட்சியில் நாலு நாள் கை பட்டால் பழைய புத்தகம் மாதிரி ஆகிவிடும். ஆஃப்செட் என்றால் பதினாறு பக்கம் சேர்ந்து ஒரு மடிப்பாக வரும், அதுதான் ஒரு ஃபாரம். 162 பக்கம் வந்தால் இரண்டு பக்கத்தைக் குறைத்து 160க்குள் கொண்டுவருவது புத்திசாலித்தனம்.

மொத்த அச்சுக்கு முன்னால் ஒரே ஒரு மாதிரிப் பிரதி அடித்துத் தரச் சொல்லுங்கள். நடுவில் திறந்து, நன்றாக மடக்கி அழுத்துங்கள். தாள் கழன்று வந்தால் பைண்டிங் பசை சரியில்லை. முந்நூறு பக்கத்தைத் தாண்டும் புத்தகத்துக்குத் தையல் பைண்டிங் கேளுங்கள்.

விலை: நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி

160 பக்கப் புத்தகம், 300 பிரதி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிரதிக்கு அச்சுச் செலவு 70 ரூபாய். லே-அவுட், மெய்ப்பு, அட்டை எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய். இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் அச்சகம் சொல்லும் விலையை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மொத்தம் 36,000 ரூபாய்.

விலை 200 வைக்கிறீர்கள். கடைக்காரருக்கு 40 சதவீதம் கழிவு, 80 ரூபாய் போயிற்று. ராயல்டி 20. அச்சு 70. அந்த 15,000இல் ஒரு பிரதியின் பங்கு 50. கூட்டினால் 220. அதாவது கடை வழியாக விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் 20 ரூபாய் நீங்கள் கைக்காசைப் போடுகிறீர்கள். புத்தகம் நன்றாக விற்றும் பதிப்பகம் மூழ்குவது இப்படித்தான்.

விலையை 250 ஆக்குவோம். ஆசிரியருக்கும் மதிப்புரைக்கும் நூலகங்களுக்கும் 30 பிரதி போனால் விற்க 270 மிஞ்சும். அதில் 120ஐ நீங்களே பத்து சதவீதம் தள்ளி 225 ரூபாய்க்கு விற்றால் 27,000. மீதி 150ஐக் கடைகளுக்கு 150 ரூபாய் வீதம் தந்தால் 22,500. மொத்த வரவு 49,500. அதிலிருந்து ராயல்டி 6,750, ஏற்கெனவே செலவான 36,000 இரண்டையும் கழித்தால் மிச்சம் 6,750. கூரியர் அட்டைப்பெட்டி, கண்காட்சிக்குப் போன பஸ் செலவு, நண்பர்களுக்கு வாங்கித் தந்த டீ எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அதுவும் கடைசிப் பிரதி வரை விற்றால்! போட்ட முதல் திரும்பவே இதே விகிதத்தில் சுமார் 227 பிரதி விற்றாக வேண்டும்.

இதிலிருந்து எனக்குத் தெரிவது: விலை, அச்சுச் செலவைப் போல் மூன்றரை மடங்குக்குக் குறையக் கூடாது, நேரடி விற்பனை பாதியையாவது தொட வேண்டும். தமிழ் வாசகர் விலைக்குப் பயப்படுவார் என்று சொல்லிச் சொல்லியே பதிப்பாளர்கள் விலையைக் குறைத்து வைக்கிறார்கள். அடக்கத்துக்குக் கீழே விற்றால் அடுத்த புத்தகத்துக்குக் காசு எங்கிருந்து வரும்?

விற்பனை

அச்சுக்குப் போகும் முன்பே முன்பதிவு தொடங்குங்கள். அட்டைப் படம், ஒரு அத்தியாயம், சலுகை விலை, பணம் செலுத்த ஒரு க்யூ.ஆர். குறி. எழுத்தாளரின் நட்பு வட்டத்தையும் உங்கள் வட்டத்தையும் தாண்டி, அந்தப் பொருளில் அக்கறை உள்ளவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் போங்கள். பறவைகளைப் பற்றிய நூலென்றால் பறவை நோக்கர் குழுக்கள், நெசவைப் பற்றியதென்றால் நெசவாளர் சங்கங்கள். நூறு முன்பதிவு வந்துவிட்டால் அச்சுச் செலவு ஏறக்குறைய வந்த மாதிரி. வாங்கியவரின் பெயர், ஊர், என்ன வாங்கினார் என்பதை அவர் சம்மதத்துடன் ஒரு தாளில் ஏற்றிக்கொண்டே வாருங்கள். பதிப்பகத்தின் உண்மையான சொத்து அந்தப் பட்டியல்தான்.

வெளியீட்டு விழா வேண்டுமா? மண்டபம், பேனர், ஒன்பது பேச்சாளர்கள், ஒன்பது பொன்னாடை, புத்தகத்தைப் படிக்காமல் பேசும் ஒரு தலைமை. விற்பது முப்பது பிரதி. அதே பணத்தில், புத்தகம் வந்து இரண்டு மாதம் கழித்து நிஜமாகவே படித்த மூவரை வைத்து ஒரு நூலக அறையில் விமர்சனக் கூட்டம் நடத்தலாம். பேச்சும் நன்றாக இருக்கும், அதைக் கேட்டவர்கள் வாங்கவும் செய்வார்கள்.

சென்னைப் புத்தகக் காட்சி 1977இலிருந்து நடக்கிறது. பதிப்பாளர்கள், புத்தக விற்பனையாளர்கள் சங்கமான பபாசி நடத்தும் அந்தக் காட்சியில் புதியவருக்குத் தனி அரங்கு கிடைப்பது எளிதல்ல, கிடைத்தாலும் வாடகையும் ஆள் செலவும் மூன்று தலைப்புக்குத் தாங்காது. ஒத்த ரசனையுள்ள பதிப்பகத்தின் அரங்கில் கழிவு பேசிப் புத்தகத்தை வைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் இரண்டு மூன்று மாலை நீங்களே அங்கே நில்லுங்கள். எந்தப் பக்கத்தைப் புரட்டுகிறார்கள், விலையைப் பார்த்ததும் என்ன செய்கிறார்கள் என்பதை வேறு எங்கும் கற்றுக்கொள்ள முடியாது. ஈரோடு, மதுரை, கோவை, நெய்வேலி என்று வெளியூர்க் காட்சிகளும் இப்போது மாவட்டந்தோறும் நடக்கும் அரசு காட்சிகளும் சிறு பதிப்பகங்களுக்குக் கைகொடுக்கின்றன. உங்கள் மாவட்டத்தில் தொடங்குங்கள்.

கடைகளுக்கு முதலில் பத்துப் பிரதிக்கு மேல் தர வேண்டாம். விற்ற பிறகு பணம் என்பதுதான் ஏற்பாடாக இருக்கும். புத்தகம் கொடுக்கும்போதே எண்ணிக்கை, விலை, கழிவு, கணக்குத் தீர்க்கும் தேதி எல்லாம் எழுதிய டெலிவரி சலானில் கையெழுத்து வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நேரில் போங்கள். போனில் கேட்டால் "அடுத்த வாரம் பார்க்கலாம் சார்" என்பார்கள், நேரில் போனால் பாதியாவது வரும். ஒரு கடையில் பாக்கி நின்றால் புதிய தலைப்பைக் கொடுக்காதீர்கள். இணைய விற்பனைக்குச் சொந்தக் கடை கட்டுவதைவிட, பனுவல், டிஸ்கவரி புக் பேலஸ், காமன்ஃபோக்ஸ் போன்ற ஏற்கெனவே வாசகர் வந்துபோகும் இடங்களில் பேசிப் பார்ப்பது முதலில் போதும்.

நூலக ஆணை பற்றி ஒரு சொல். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் வழியே வீட்டு வரியோடு வசூலாகும் நூலக வரியில் தமிழகம் புத்தகம் வாங்குகிறது. பல பதிப்பகங்கள் பல காலம் இதை நம்பியே ஓடின. கட்டாயம் விண்ணப்பியுங்கள். ஆனால் வரவு செலவுக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். ஆணை எப்போது வரும், என்ன விலைக்கு வாங்குவார்கள், பணம் எப்போது வரும் என்ற மூன்றும் உங்கள் கையில் இல்லை.

தபாலில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. மலிவான பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். 2025 மே முதல் 'ஞான் போஸ்ட்' என்று ஒன்று இருக்கிறது; 300 கிராம் வரை 20 ரூபாயில் தொடங்கி 5 கிலோ வரை அனுப்பலாம். நூலில் பதிப்பாளர் அல்லது அச்சிட்டவர் பெயர் இருக்க வேண்டும், வணிக விளம்பரம் இருக்கக் கூடாது. உங்கள் தபால் நிலையத்தில் ஒரு பிரதியைக் காட்டி முன்கூட்டியே பேசிவிடுங்கள். இலங்கைக்கோ கனடாவுக்கோ அனுப்பும் செலவு புத்தக விலையைத் தாண்டும். அங்குள்ள வாசகர்களுக்கு மின்னூல்தான் நடைமுறை.

அந்த மின்னூலுக்கு அமேசான் கிண்டில் தமிழை ஏற்கிறது. இந்திய விற்பனையில் 70 சதவீதப் பங்கு வேண்டுமானால் 'கே.டி.பி. செலக்ட்' திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் தர முடியாது. அச்சு நூல் வந்து ஆறு மாதம் கழித்துப் போடுவது என் விருப்பம்.

எப்போது, எங்கே வைப்பது, எப்போது மறுபடி அடிப்பது

ஜனவரிக் காட்சிக்குப் புத்தகம் வேண்டுமென்றால் செம்மையான கைப்பிரதி ஆகஸ்டில் கையில் இருக்க வேண்டும். டிசம்பரில் திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை அச்சகங்களிலும் பைண்டிங் கடைகளிலும் நிற்க இடமிருக்காது. அந்த அவசரத்தில் வரும் புத்தகத்தில் பசைகூடக் காய்ந்திருக்காது. முடியவில்லையா, மார்ச்சில் வெளியிடுங்கள். ஜனவரியில் வரும் ஆயிரக்கணக்கான தலைப்புகளோடு முட்டி மோதாமல் உங்கள் புத்தகத்துக்கு ஒரு மதிப்புரையாவது கிடைக்கும்.

இருப்பைத் தரையில் வைக்காதீர்கள். 2015 வெள்ளத்தில் சென்னைப் பதிப்பாளர்கள் பலருடைய கிடங்குகளில் கீழ் அடுக்குகள் கூழாகிப் போயின. மரப்பலகைக்கு மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பண்டலைப் பிரிக்காமல் அடுக்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எண்ணி, கடைகளில் கிடப்பதையும் சேர்த்து எழுதுங்கள். மார்ச் கடைசியில் எழுத்தாளருக்கு அனுப்பும் ராயல்டிக் கணக்கு அதிலிருந்துதான் வர வேண்டும். எட்டுப் பிரதி விற்றிருந்தாலும் கணக்கை அனுப்புங்கள். அடுத்த கைப்பிரதியை அவர் உங்களிடம் தருவாரா என்பது பெரும்பாலும் இந்த ஒரு தாளில்தான் இருக்கிறது.

வந்த முதல் பிரதியின் மேல் 'திருத்தப் பிரதி' என்று எழுதித் தனியாக வையுங்கள். வாசகர் சுட்டும் ஒவ்வொரு பிழையையும் அதில் சிவப்பு மையில் குறித்துக்கொண்டே வாருங்கள். இருப்பு ஐம்பதுக்குக் கீழே போய், மாதம் பத்தாவது விற்கிறது என்றால் நூறு பிரதி மறுபடி அடிக்கலாம். அப்போது அந்தத் திருத்தங்கள் ஏறிய கோப்பு அச்சகத்துக்குப் போகட்டும். பிழை மட்டும் திருத்தியிருந்தால் உரிமைப் பக்கத்தில் 'மறு அச்சு' என்றும், உள்ளடக்கம் மாறியிருந்தால் 'இரண்டாம் பதிப்பு' என்றும் மாதம், ஆண்டோடு போடுங்கள்.